ஹியூரிஸ்டிக் என்றால் குறுக்குவழி இல்லை, சேர்!

 

இது நீண்ட பதிவு. குறிகட்டுவானில் படகுக்கு நிற்கிற நேரம் வாசித்து முடிக்கலாம். வாசிக்காமல் லைக் போடவேண்டாம். வாசிக்காமல் ஏசவும் வேண்டாம், வாசித்துவிட்டு ஏசுங்கள்.

அண்மையில் ஆசிரியர்களுக்கு ஒரு செயலமர்வு நடந்தது. எங்கே, யார் நடத்தினார்கள் என்று எழுதமாட்டேன். கொமென்டில் கேட்கவும் வேண்டாம், ஆள் முக்கியமில்லை. வளவாளர் திரையில் ஒரு ஆங்கிலச் சொல்லைப் போட்டார்: ஹியூரிஸ்டிக். “இது என்னெண்டா ஷோர்ட் கட். விடைக்குக் கெதியாப் போற வழி. எழுதிக்கொள்ளுங்கோ” என்றார். நாற்பது பேர் இருந்தோம், நாற்பது பேரும் எழுதினோம். நானும் எழுதினேன், பொய் சொல்லக்கூடாது. பத்து நிமிடம் கழித்து அதே சொல்லை அவர் ‘ஹோலிஸ்டிக்’ என்று சொன்னார். அதையும் சிலர் எழுதினார்கள். ஹோலிஸ்டிக் என்பது முழுமையாகப் பார்ப்பது, அது வேறு சொல், வேறு ஊர். ஒருவரும் கேட்கவில்லை.

நான் கையை உயர்த்தினேன். “சேர், அந்தச் சொல்லுக்கு அடி ‘கண்டுபிடிக்கிறது’ என்றெல்லோ? குறுக்குவழி எண்டு எப்படி வந்தது?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “மாஸ்டர் எந்தப் பாடசாலை?”

சொன்னேன்.

“ஓ, தீவோ. அங்கத்தைப் பிள்ளையளுக்கு உதெல்லாம் தேவைப்படாது மாஸ்டர். பாஸ் பண்ண வைச்சாக் காணும்.”

மண்டபம் சிரித்தது. எங்கள் பக்கத்து ஆட்கள் சிலரும் சேர்ந்து சிரித்தார்கள், அதுதான் எனக்குக் கூட நொந்தது. வீட்டுக்கு வந்து மூன்று நாள் யோசித்தபிறகுதான் எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நான் ஆங்கில ஆசிரியன், அதிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

ஹியூரிஸ்டிக் என்பதன் வேர் கிரேக்க மொழியில் ‘ஹியூரிஸ்கைன்’ என்ற வினை. கண்டுபிடித்தல், தேடி அடைதல் என்று பொருள். ஆர்க்கிமிடீஸ் குளித்துக்கொண்டிருந்தவர் எழும்பி ஓடினார் என்று எட்டாம் ஆண்டில் எல்லோரும் படித்த கதையில் வருகிற ‘யுரேக்கா’வும் அதே வேரில் பிறந்ததுதான். ‘கண்டுபிடித்துவிட்டேன்’ என்பது அதன் பொருள். ஆக இரண்டு சொல்லும் ஒரு தாய் பிள்ளைகள். யுரேக்கா கண்டுபிடித்தவனின் சத்தம், ஹியூரிஸ்டிக் தேடிக்கொண்டிருப்பவனின் வழி. உச்சரிக்கும்போது அழுத்தம் நடுவில், ‘ரிஸ்’ என்ற இடத்தில் விழவேண்டும். ஆங்கிலத்தில் அது பெயரடையாகவும் வரும், பெயராகவும் வரும். ‘ஒரு ஹியூரிஸ்டிக்’ என்றால் தேடுவதற்கு உதவுகிற ஒரு கைமுறை. இதுதான் விடை என்று அது உத்தரவாதம் தராது. இந்தப் பக்கம் தேடிப்பார், கிடைக்க இடமுண்டு என்று மட்டும் சொல்லும்.

உத்தரவாதம் தருகிற முறைக்கு வேறு பெயர் இருக்கிறது: அல்கோரிதம். அந்தச் சொல் 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்த அல்-குவாரிஸ்மியின் பெயர் லத்தீனுக்குப் போய் உருமாறி வந்தது. (எங்கட ஆட்கள் இதைக் கேட்டவுடன் நெஞ்சை நிமிர்த்துவார்கள். அவர் கணக்குச் செய்தார். நாங்கள் அவருடைய பெயரை ஃபோர்வேர்ட் செய்கிறோம்.)

இரண்டுக்கும் வித்தியாசத்தை நான் வகுப்பில் ஆட்டை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பேன். வேலணையில் உங்கள் ஆடு ஒன்றைக் காணவில்லை. முதல் வளவிலிருந்து கடைசி வளவு வரைக்கும் ஒன்றும் விடாமல் ஒழுங்காகத் தேடிக்கொண்டு போனால், ஆடு ஊருக்குள் இருக்கும்வரை எப்படியும் பிடிபடும். ஆனால் பொழுது பட்டுவிடும். அது அல்கோரிதம். “நேற்று மழை பெய்தது, குளத்தடியில் புல் தளிர்த்திருக்கும், முதலில் அங்கே போவம்” என்று நினைத்தால் அது ஹியூரிஸ்டிக். பெரும்பாலும் ஆடு அங்கேதான் நிற்கும். சிலவேளை நிற்காது. அதற்காக ஆடு செத்துப்போச்சு என்று முடிவெடுக்கக்கூடாது, அடுத்த இடத்தைப் பார்க்கவேண்டும்.

கவனியுங்கள். ‘கெதி’ என்பது இதில் ஒரு பக்கவிளைவு மாத்திரம். சொல்லின் உயிர் தேடலில் இருக்கிறது. தேடலை வெட்டி எறிந்துவிட்டுக் கெதியை மட்டும் வைத்துக்கொண்டால், அது கோழியை விட்டுவிட்டு இறகை விற்கிற வியாபாரம்.

தமிழில் இதற்கு என்ன சொல் என்று கேட்பீர்கள். கல்வியியல் புத்தகங்களில் ‘கண்டறி முறை’ என்று எழுதுவார்கள். பிழையில்லை, ஆனால் பரீட்சை மணம் அடிக்கிறது. எங்கட வாயில் ஒரு நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது: மட்டுக்கட்டுதல். “ஆளை மட்டுக்கட்ட முடியேல்ல”, “தூரத்தை மட்டுக்கட்டிச் சொல்லு பாப்பம்” என்று தினமும் சொல்கிறோம். கண்ணால் அளந்து, பழக்கத்தோடு ஒப்பிட்டு, ஒரு முடிவுக்குக் கிட்டப் போவது. ஆயிரம் செயலமர்வு வைத்தாலும் இதைவிட நல்ல சொல் வராது என்பது என் எண்ணம். உங்களுக்கு வேறு எண்ணம் இருந்தால் எழுதுங்கள்.

சரி, மட்டுக்கட்டத் தெரிந்தவர்கள் யார்? நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகிற எல்லோருக்கும் தெரியும், படகு வெளிக்கிட முதல் ஓட்டி என்ன செய்வார் என்று. ஒரு நிமிடம் சும்மா நிற்பார். காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது, சோளகமா கச்சானா, அலை வெள்ளையாய் உடைகிறதா, மேகம் எங்கே கறுக்கிறது, படகில் எத்தனை பேர், எத்தனை மூட்டை. கையில் ஒரு கருவியும் இல்லை. பிறகு சொல்வார்: “போய்ப் பாப்பம். சரியில்லாட்டித் திரும்புவம்.”

இந்த இரண்டு வசனத்தையும் நான் ஆங்கிலத்தில் இதுவரை வாசித்த எந்த வரைவிலக்கணத்துக்கும் மேலே வைப்பேன். ‘போய்ப் பாப்பம்’ என்பதில் மட்டுக்கட்டல் இருக்கிறது. ‘திரும்புவம்’ என்பதில் அந்த மட்டுக்கட்டல் பிழைக்கலாம் என்ற அறிவு இருக்கிறது. வாடைக்காலம் தொடங்கினால் அதே மனுசன் தன் கண்ணை நம்பமாட்டார். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைக் கேட்பார், போனில் அக்கரையில் ஆளை விசாரிப்பார். தன் கைமுறை எந்த மாதத்தில் வேலை செய்யும், எந்த மாதத்தில் செய்யாது என்பதும் அவருக்குத் தெரியும். அவர் எத்தனையாம் ஆண்டு வரை படித்தார் என்று நான் கேட்டதில்லை.

படித்த நாங்கள்? எங்களிடம் ‘போய்ப் பாப்பம்’ நிறைய இருக்கிறது. ‘திரும்புவம்’ இல்லை.

இதையே 1945இல் ஒரு ஹங்கேரிக்காரர் புத்தகமாக எழுதினார். ஜோர்ஜ் போல்யா என்ற கணித அறிஞர். ‘ஹவ் டு சோல்வ் இட்’ என்பது புத்தகத்தின் பெயர். ஹியூரிஸ்டிக் என்ற பழைய சொல்லைக் கணிதப் பாடத்துக்குள் மறுபடி உயிர்ப்பித்தவர் அவர் என்று சொன்னால் மிகையில்லை. கணக்குச் செய்வதற்கு நான்கு படி சொன்னார். கேள்வியை விளங்கு. ஒரு திட்டம் போடு. செய். பிறகு திரும்பிப் பார். எங்கள் ஆசிரியர்களுக்கு முதல் மூன்றும் மனப்பாடம். நான்காவதைச் சொல்லும்போது மணி அடித்துவிடும். ‘உன் விடை பொருந்துகிறதா, வேறு வழியில் வருமா, இதே வழி இன்னொரு கணக்குக்கு உதவுமா’ என்று கேட்பதுதான் அந்த நான்காவது படி. ஓட்டியின் ‘திரும்புவம்’ வேறு, போல்யாவின் ‘திரும்பிப் பார்’ வேறு என்று எனக்குத் தோன்றவில்லை.

அவருக்கு முன்னால் இங்கிலாந்தில் ஆம்ஸ்ட்ரோங் என்ற இரசாயனப் பேராசிரியர் இருந்தார் (1848–1937). விஞ்ஞானத்தைச் சொல்லிக்கொடுக்காதே, பிள்ளையைக் கண்டுபிடிக்க விடு என்று ஆயுள் முழுக்கச் சண்டை பிடித்தவர். ‘ஹியூரிஸ்டிக் முறை’ என்று ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் ஐந்து புள்ளிக்குப் படித்தது அவருடைய முறையைத்தான். அதன் நன்மை நான்கு, தீமை நான்கு என்று எழுதினோம். கண்டுபிடிப்பைப் பற்றி மனப்பாடம் செய்து எழுதிய கூட்டம் நாங்கள்! அதற்கு எனக்கு நல்ல புள்ளி கிடைத்தது, அதுவும் ஒரு வெட்கம். ஆம்ஸ்ட்ரோங்கிலும் குறை இருக்கிறது. நேரம் பிடிக்கும், எல்லாவற்றையும் பிள்ளை தானே கண்டுபிடிக்க ஏலாது. அதை அந்தக் காலத்திலேயே சொன்னார்கள், சரியாகத்தான் சொன்னார்கள்.

எங்கள் நாட்டிலும் 2007இல் புதிய பாடத்திட்டத்தோடு ‘5ஈ’ முறை வந்தது. அதிலும் பிள்ளை தானே தேடிப் பார்க்கிற ஒரு கட்டம் இருக்கிறது. காகிதத்தில் அருமை. கொப்பியில் ஐந்து தலைப்பும் போட்டுப் பாடக்குறிப்பு எழுதுவோம், வகுப்பில் பழையபடி கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொல்வோம். வேறு ஆசிரியர்களைப் பற்றிச் சொல்லவில்லை, என் கொப்பியைத்தான் சொல்கிறேன்.

இப்போது நெடுந்தீவுக் கதை. அங்கே நான் படிப்பித்த காலத்தில் ஒரு நாள் பதினொரு பிள்ளைகள்தான் வந்திருந்தார்கள். பாடம் எடுக்க மனமில்லை. வெளியே கூட்டிக்கொண்டு போனேன். நெடுந்தீவில் வேலிகள் என்னவென்று உங்களுக்குத் தெரியும், சாந்து ஒன்றும் இல்லாமல் முருகைக்கல்லை அடுக்கிக் கட்டினது. ஒரு வளவைக் காட்டி, “இந்த மதிலில் எத்தனை கல் இருக்கும்? ஆங்கிலத்தில் சொல்லுங்கோ. எண்ணக்கூடாது” என்றேன்.

முதலில் சும்மா கத்தினார்கள். தௌசன்ட், டென் தௌசன்ட், வன் லாக். பிறகு ஒரு பெடியன், அவனுடைய தகப்பன் வலை இழுக்கிறவர், இரண்டு கையையும் விரித்து மதிலில் ஒட்டி நின்றான். ஒரு பாகம். அந்த ஒரு பாகத்துக்குள் மேலிருந்து கீழே எண்ணினார்கள்: 70 கல். மதிலின் நீளத்தைப் பாகத்தால் அளந்தார்கள்: 60. எழுபதை அறுபதால் பெருக்கினால் 4,200. எல்லோருக்கும் சந்தோசம். ஒரு பிள்ளை மட்டும் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, “சேர், அங்காலையும் கல் இருக்கு” என்றாள். உண்மைதான், மதிலுக்கு உள்முகம் ஒன்று இருக்கிறது. ஆக 8,400. அதற்குள் இன்னொருவன் மூலைப்பக்கம் போய், “இஞ்சை கல்லெல்லாம் பெரிசு, ஒரு பாகத்துக்கு 54தான் வருது” என்றான். அந்தக் கணக்கில் 6,480 வரும். கொஞ்சநேரம் சண்டை. கடைசியில் ஆறாயிரத்து ஐந்நூறுக்கும் எட்டாயிரத்து ஐந்நூறுக்கும் இடையில் என்று ஒத்துக்கொண்டார்கள்.

“சேர், சரியான விடை எது?”

“எனக்கும் தெரியாது.”

அந்தப் பெடியனின் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆசிரியருக்குத் தெரியாத கேள்வி ஒன்றை ஆசிரியர் கேட்பார் என்று அவன் அதுவரை நினைத்திருக்கவில்லை. அன்று அவர்கள் பேசின ஆங்கிலம் இலக்கணப் பிழை நிறைந்தது. ‘அபவுட்’, ‘மோர் தான்’, ‘மே பி’, ‘நொட் ஷுவர்’. இந்த நான்கையும் நான் முழுத் தவணையும் படிப்பித்தும் வராதது, அந்த ஒரு மணித்தியாலத்தில் வாயில் வந்தது. ஏனென்றால் தேவைப்பட்டது. ‘நொட் ஷுவர்’ என்று தைரியமாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஹியூரிஸ்டிக் விளங்கிவிட்டது, அந்தச் சொல் தெரியாவிட்டாலும்.

இந்தப் பிள்ளைகளுக்குத்தான் ‘உதெல்லாம் தேவைப்படாது’.

இனி ரியூசன் பக்கம் வருவோம். ‘ஹியூரிஸ்டிக் முறையில் கணிதம், 30 நாளில் சித்தி’ என்று ஒரு துண்டுப்பிரசுரம் என் கண்ணில் பட்டது. உள்ளே என்ன என்று விசாரித்தேன். கடந்தகால வினாத்தாள்களைப் பார்த்து, இந்த முறை எந்த அலகில் கேள்வி வரும் என்று ஒரு பட்டியல். கெஸ் பேப்பர்! எங்கள் தாய் தகப்பன்மார் காசு கட்டுகிறார்கள், கடலட்டைப் பண்ணையில் நாள் முழுக்கத் தண்ணீருக்குள் நின்று உழைத்த காசு. பரீட்சைத் தாளை மட்டுக்கட்டுவதும் மட்டுக்கட்டல்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே மட்டுக்கட்டுகிறவர் ஆசிரியர். பிள்ளை அவருடைய முடிவை விழுங்குகிறது. ஓட்டி காற்றைப் பார்க்கிறார், பிள்ளை ஓட்டியின் வாயைப் பார்க்கிறது. வேறு காற்று அடித்தால் அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்?

இதுவரை நான் எழுதினதற்கு ஒரு மறுப்பு வரும் என்று எனக்குத் தெரியும். “மாஸ்டர், இப்ப ஆங்கிலத்தில் ஹியூரிஸ்டிக் எண்டா மனசு எடுக்கிற குறுக்குவழி எண்டுதானே உளவியலில் சொல்லுறாங்கள். வளவாளர் சொன்னது சரிதானே?”

நல்ல கேள்வி. பாதி சரி. 1974இல் ஏமொஸ் ட்வெர்ஸ்கி, டானியல் கானமன் என்ற இரண்டு இஸ்ரேலிய உளவியலாளர்கள் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார்கள். நிச்சயமில்லாத விசயங்களில் மனிதன் எப்படி மதிப்பிடுகிறான், எங்கே வழுக்குகிறான் என்பது பற்றியது. அதிலிருந்துதான் இந்தச் சொல் சாதாரண ஆங்கிலத்துக்குள் ‘மனக் குறுக்குவழி’ என்ற பொருளோடு பரவியது. கானமனுக்கு 2002இல் நோபல் கிடைத்தது, ட்வெர்ஸ்கி 1996இலேயே காலமாகிவிட்டார். ஆனால் அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே இரண்டாவதாக ஒரு சொல் இருக்கிறது: பயஸ், அதாவது சாய்வு. இந்தக் கைமுறைகள் உதவும், ஆனால் திட்டமான பக்கத்துக்குச் சாய்க்கும் என்பதுதான் அவர்கள் சொன்னது. எங்கள் வளவாளர் முதல் பாதியைத் திரையில் போட்டார், அடுத்த பாதியைப் பொக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

அவர்கள் செய்த ஒரு பரிசோதனையை நீங்களும் வீட்டில் செய்யலாம். ஒரு குழுவுக்கு 8×7×6×5×4×3×2×1 என்று காட்டினார்கள், மற்றக் குழுவுக்கு 1×2×3×4×5×6×7×8. ஐந்து விநாடிக்குள் விடையை மட்டுக்கட்டச் சொன்னார்கள். இரண்டும் ஒரே கணக்கு. முதல் குழுவின் நடுத்தர விடை 2,250, இரண்டாவது குழுவினது 512. சரியான விடை 40,320. முதலில் கண்ணில் பட்ட இலக்கம் மனதை நங்கூரம் போட்டுக் கட்டிவிடுகிறது. என் வகுப்பிலும் செய்து பார்த்தேன், அதே கூத்துத்தான்.

மீன்சந்தையில் தினம் நடக்கிறது இது. பாரை கிலோ 2,400 என்று முதலில் சொல்வார். நீங்கள் பேசிப் பேசி 2,000க்கு வாங்கி, வென்றுவிட்டதாக வீட்டுக்கு வருவீர்கள். 2,400ஐ யார் போட்டது என்று கேட்கமாட்டீர்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லாவிட்டால் நானும் அந்த வளவாளர் போலத்தான். கேர்ட் கிகெரென்சர் என்ற ஜேர்மன் உளவியலாளர், கைமுறைகளை இப்படி எப்போதும் குறை பிடிக்கவேண்டாம் என்கிறார். உயரத்தில் வருகிற பந்தைப் பிடிக்கிற பெடியன் கணக்கா போடுகிறான்? பந்தைப் பார்த்த கண்ணின் கோணம் மாறாதபடி ஓடுகிறான், பந்து கையில் வந்து விழுகிறது. சின்ன விதி, பெரிய பலன். எனக்கு இது மிகவும் பிடிக்கும். ஆனால் அவரும் ஒரு நிபந்தனை போடுகிறார்: விதி இடத்துக்குப் பொருந்தவேண்டும். மைதானத்தில் ஓடுகிற விதியைக் கடலில் ஓடவிடக்கூடாது. இரண்டு பக்கத்து அறிஞர்களும் சண்டை பிடித்தாலும், எங்கள் ஓட்டியிடம் வந்தால் இருவரும் தலையாட்டுவார்கள் என்றே நினைக்கிறேன்.

இனித்தான் நான் உண்மையில் எழுத வந்த இடம்.

‘ஓ, தீவோ’ என்று அந்த மனுசன் சொன்னாரே, அதுவும் ஒரு ஹியூரிஸ்டிக். பாடசாலையின் பெயரைக் கேட்டார், ஒரு படம் மனதில் வந்தது, அந்தப் படத்தை வைத்துப் பிள்ளைகளை மட்டுக்கட்டினார். பத்து விநாடி. பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. மட்டுக்கட்டுதல் அந்த இடத்தில் மட்டந்தட்டுதலாகிவிட்டது. ‘தீவான்’ என்று யாழ்ப்பாணத்தில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் வேலணையார் நெடுந்தீவாரைப் பற்றிச் சொல்வதும், ஊர்காவற்றுறையார் புங்குடுதீவாரைப் பற்றிச் சொல்வதும் என் காதில் விழுந்திருக்கிறது. நாங்களும் சளைத்தவர்கள் இல்லை.

இந்த மண்ணில் மனுசரை மட்டுக்கட்டின வரலாறு பெரியது. அடையாள அட்டையில் தமிழ் எழுத்து இருந்தால் சோதனைச்சாவடியில் தனியே இறக்கின காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ‘தமிழன் என்றால் இவனாய்த்தான் இருக்கும்’ என்பது அந்தச் சாவடியின் கைமுறை. 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு வெளியேற இரண்டு மணித்தியாலம் கொடுக்கப்பட்டது. அதுவும் ஒரு கைமுறைதான்: ‘முஸ்லிம் என்றால் இப்படித்தான்’. எனக்கு அப்போது ஒன்பது வயது. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு தாடியும் அபாயாவும் எதற்கு அடையாளமாயின என்பதை நான் எழுதவேண்டியதில்லை. கம்பியூட்டரில் இருக்கிற வைரஸ்காட் கூட ஹியூரிஸ்டிக் முறையில் சந்தேகப்பட்டு ஒரு நல்ல ஃபைலைப் பிடித்தால், தனியே அடைத்து வைத்துவிட்டு, ‘திருப்பி விடவா?’ என்று உங்களைக் கேட்கும். மனுசர் விசயத்தில் அந்தப் பொத்தானை யாரும் வைக்கவில்லை.

என் ஆட்கள் இந்த இடத்தில் தலையாட்டிக்கொண்டு இருப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். புத்தளத்து முகாமில் வளர்ந்த எங்களிடமும் ஒரு கைமுறை வளர்ந்தது: ‘அவங்கள் எல்லாரும் ஒண்டுதான்’. நானும் அதை நம்பித்தான் வளர்ந்தேன். 2002இல் பாதை திறந்தபிறகு வாப்பாவோடு எங்கள் பழைய வீட்டைப் பார்க்க வந்தேன். வீடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. பக்கத்து வளவு அம்மா வாப்பாவைக் கண்டவுடன் ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். சாக்கில் சுற்றின ஒரு பொருளைத் தூக்கமாட்டாமல் இழுத்துக்கொண்டு வந்தார். உம்மாவின் தையல் மெசின். பன்னிரண்டு வருசம், அதற்கிடையில் அவரே எத்தனை தரம் இடம்பெயர்ந்திருப்பார். ‘எண்ணெய் போட்டுத்தான் வைச்சிருக்கிறன், ஓடும்’ என்றார். வாப்பா அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. என் கைமுறை உடைந்த கோபம் என்று இப்போது விளங்குகிறது. ஒரு கணக்கைப் பிழை என்று திருத்துவது லேசு, மனுசரைப் பற்றிய கணக்கைத் திருத்துவது அப்படி இல்லை, நோகும்.

எங்கள் மார்க்கத்திலும் இதைப் பற்றிப் பேச்சு இருக்கிறது. கிப்லா எந்தப் பக்கம் என்று தெரியாத இடத்தில், கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கம் திரும்பித் தொழக்கூடாது. சூரியனைப் பார்த்து, ஆட்களைக் கேட்டு, தன்னால் இயன்றவரை தேடித்தான் முடிவெடுக்கவேண்டும். திசையில் மட்டுக்கட்டச் சொன்ன அதே மார்க்கம், ஹுஜுராத் அத்தியாயத்தில் மனுசரைப் பற்றிய ஊகங்களில் பெரும்பகுதியை விட்டு விலகச் சொல்கிறது, அவற்றில் சில பாவமாகும் என்கிறது. எல்லா ஊகமும் பாவம் என்று சொல்லவில்லை. எது என்று நீதான் யோசி என்று விடுகிறது. மௌலவிமார் பிழை கண்டால் திருத்துங்கள், நான் ஆங்கில வாத்திதான்.

“எல்லாத்தையும் ஆராய்ஞ்சுகொண்டு இருக்க ஏலுமே? வாழ்க்கை ஓடவேணும்” என்பீர்கள். ஏலாதுதான். ஹேர்பேட் சைமன் என்ற அமெரிக்க அறிஞர் இதைச் சொல்லித்தான் 1978இல் பொருளியலுக்கு நோபல் வாங்கினார்: மனிதனுக்கு நேரமும் அறிவும் மட்டு, ஆகச் சிறந்ததைத் தேடிக்கொண்டிராமல், போதுமானது கிடைத்தால் நிறுத்திக்கொள்கிறான். மீன் வாங்க, ஆடு தேட, படகு ஏற அது போதும். ஒரு பிள்ளை ஆங்கிலம் படிக்குமா படிக்காதா என்று முடிவெடுக்க அது போதாது. ஆட்டை விட்டால் நாளைக்குத் தேடலாம். ‘உனக்கு இது காணும்’ என்று பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளைக்குச் சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை அதை நம்பிவிடும். பிறகு அதன் பெறுபேற்றைக் காட்டி, “பாத்தீங்களே, நான் அப்பவே சொன்னன்” என்பார்கள். தங்கள் கைமுறை சரியென்று காட்டுவதற்கான சாட்சியையும் தாங்களே செய்துவிடுகிறார்கள். மதில் கணக்கில் கூட எட்டிப் பார்க்க ஒரு பிள்ளை இருந்தது.

எங்கள் பாடசாலைகளில் பிள்ளைத்தொகை குறைந்துகொண்டு போகிறது. வருகிற ஆசிரியர் முதல் நாளே இடமாற்றத்துக்கு எழுதுகிறார், நானும் ஒருமுறை எழுதினவன்தான். இந்தப் பேச்சோடும் எங்களைப் பற்றிய அந்தக் கைமுறை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘அங்க ஆர் படிக்கிறது’ என்று ஆசிரியர் வராமல் விடுவார். ஆசிரியர் இல்லாதபடியால் பெற்றோர் பிள்ளையை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோவார்கள். பிள்ளை போனபடியால், ‘பாத்தீங்களே, அங்க ஆர் படிக்கிறது’.

வளவாளர் சேர் இதை வாசிப்பார் என்று எனக்குத் தெரியும், எங்களுக்குப் பொதுவான நண்பர்கள் நிறையப் பேர். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீங்களும் இன்னொருவருடைய திரையைப் பார்த்து எழுதினவர்தான். ஒரு நாள் குறிகட்டுவானுக்கு வாருங்கள். படகுக்காசு நான் கட்டுகிறேன். நெடுந்தீவில் அந்த மதில் இன்னும் நிற்கிறது, அந்தப் பதினொரு பேரில் இரண்டு பேர் இப்போதும் ஊரில் இருக்கிறார்கள். எத்தனை கல் என்று நீங்களும் ஒரு இலக்கம் சொல்லிப் பார்க்கலாம். ஆங்கிலத்தில்தான் சொல்லவேண்டும்.

மற்றவர்களுக்கு: வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கடைசிப் படகு மட்டும் நான் இறங்குதுறையடியில்தான் நிற்பேன். இந்தப் பதிவுக்கு நேரில் ஏச விரும்புகிறவர்கள் அங்கே வரலாம். தேத்தண்ணி உங்கள் கணக்கு.